வீடு தேடிச் செல்லும் அறம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

பசித்தவனுக்குச் சோறிடுவது அறம் என்பதைத் தமிழருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மணிமேகலையின் கையில் அமுதசுரபியைக் கொடுத்தார் சாத்தனார். 1867-ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. வள்ளுவரோ ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அதற்கு முன்னரே ‘ஒப்புரவறிதல்’ என்று மற்றோர் அதிகாரத்தையும் வைத்தார். இவ்விரண்டும் ஒன்றுதானே, ஏன் இரண்டு அதிகாரங்கள் என்று பள்ளியில் படிக்கும்போது நான் எண்ணியதுண்டு. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, தன்னை ஊருக்குப் பயன்படச் செய்துகொள்வது ஒப்புரவு. ஈகை ஒரு செயல். ஒப்புரவு ஓர் ஒழுங்கு. செயல் ஒரு நாளில் முடிந்துவிடும். ஒழுங்கோ நாள்தோறும் காக்கப்பட வேண்டியது.

இந்த வேறுபாட்டை எனக்கு விளங்க வைத்தது, கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கிவரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பணி. பங்கு என்பது ஒரு கோயிலையும் அதைச் சார்ந்த ஊர்களையும் குடும்பங்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேலம் வந்தார். சேலம் மறைமாவட்டம் 1930-இல் தனியாக அமைக்கப்பட்டது. ஆகவே நம் ஓமலூர் வட்டாரத்துக்குக் கத்தோலிக்கக் கோயில்கள் புதியன அல்ல. நான் அச்சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் நல்லது எங்கே இருந்தாலும் அதைக் கற்றுக்கொள்வது மாணவர் கடமை என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்த பாடம்

வின்சென்ட் தே பவுல் 1581-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் தென்மேற்கே பூய் என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆடு மாடு மேய்த்தவர். மகனின் படிப்புச் செலவுக்காகத் தந்தை உழவு மாடுகளை விற்றார் என்பர். நம் கல்லூரியில் பயிலும் எத்தனையோ பேருடைய வீட்டுக் கதையும் இதுதானே!

அவர் குருவானபின் 1617-ஆம் ஆண்டு சத்தியோன் என்ற ஊரில் பங்குத் தந்தையாக இருந்தார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுப் படுத்த படுக்கையாகக் கிடக்கின்றனர். ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. அவர் மறையுரையில் அதை எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் உள்ளம் உருகியது. பிற்பகலில் அவர் அவ்வீட்டை நோக்கி நடந்தபோது வழியெங்கும் மக்கள் கூட்டம். பலர் உணவைச் சுமந்துகொண்டு போகிறார்கள். பலர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வேறொருவராயிருந்தால் மகிழ்ந்து போயிருப்பார். வின்சென்ட்டோ சிந்தித்தார். இன்றைக்கு இவ்வளவு உணவு வந்துவிட்டது. இதில் பாதி கெட்டுப்போகும். நாளைக்கும் நாளை மறுநாளும் அந்நோயாளிகள் முன்போலவே பசித்துக் கிடப்பார்கள். மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஒழுங்குதான் இல்லை என்று அவர் கண்டார். சில நாட்களுக்குள் ஊர்ப் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். ஒவ்வொரு நாளும் ஒருவர் முறை. அவரே சமைத்து எடுத்துச் செல்ல வேண்டும். காணிக்கைக்குக் கணக்கு வைக்க ஒருவர். நோயாளியை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் விதிகள் எழுதினார். மலர்ந்த முகத்துடன் நுழைய வேண்டும். படுக்கையில் தட்டு வைத்து, துணி விரித்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகே உணவு பரிமாற வேண்டும் என்பன அவற்றுள் சில. ஒரு விதி என்னைப் பெரிதும் கவர்ந்தது. துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் பார்த்துவிட்டு, யாருமற்றவரைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஏன்? அப்போதுதான் அவர் அருகில் நெடுநேரம் உட்கார முடியும்!

பசிக்கு உணவு மருந்து. தனிமைக்கு மனிதனே மருந்து. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பங்கில் இதை விதியாக எழுதி வைத்தார்கள் என்பது எண்ணியெண்ணி வியக்கத்தக்கது.

இருபது வயது மாணவர்

வின்சென்ட் 1660-இல் மறைந்தார். அவர் பெயரால் இன்று பங்குகளில் இயங்கும் சபையை அவர் தொடங்கவில்லை. தொடங்கியவர் ஒரு கல்லூரி மாணவர், நம் வயதினர். அவர் பெயர் பிரெடரிக் ஓசானாம்.

1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்த ஓசானாம், பாரிசு நகரில் சட்டம் பயின்றார். 1832-இல் அந்நகரைக் காலரா தாக்கிப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழைகள் குடியிருந்த சந்துகளில் அழுகுரல் ஓயவில்லை. அக்காலத்தில் மாணவர்கள் ஒரு சொற்பயிற்சி மன்றம் நடத்தி வந்தனர். நம் தமிழ் மன்றத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். கிறித்தவம் உலகுக்குச் செய்த நன்மைகளை ஓசானாம் அங்கே அடுக்கடுக்காக எடுத்துரைத்தார். எதிரணி மாணவர் ஒருவர் எழுந்து, பழம்பெருமை இருக்கட்டும், இன்றைக்கு ஏழைகளுக்காக நீங்கள் செய்வது என்ன என்ற பொருள்படக் கேட்டார். அவையில் விடை சொல்ல ஓசானாமால் இயலவில்லை. வெளியே வந்தபின் செயலால் விடை சொன்னார். தமக்கு வைத்திருந்த விறகை, நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஓர் ஏழையின் வீட்டுக்குச் சுமந்து சென்றாராம்.

1833 ஏப்ரல் 23-ஆம் நாள், அவருக்கு இருபது வயது நிறைந்த நாளில், சபையின் முதல் கூட்டம் நடந்தது. மாணவர் ஆறு பேர். தலைமை தாங்கியவர் எம்மானுவேல் பாயி என்ற இதழாசிரியர். கையில் பணம் இல்லை. எங்கே தொடங்குவது என்ற வழியும் தெரியவில்லை. அவர்கள் ரோசலி என்ற கன்னியரிடம் சென்றனர். ஏழைகளின் சந்துகளைத் தம் உள்ளங்கை போல் அறிந்தவர் அவர். அவரே முதன்முதலில் குடும்பங்களின் பட்டியலைத் தந்தார். கொண்டு செல்ல ரொட்டிச் சீட்டுகளும் தந்தார். ஏழையிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அனுபவம் உடையவரிடம் இளைஞர் பணிந்து கற்றதனாலேயே அப்பணி வேரூன்றியது எனலாம்.

ஓசானாம் பின்னர்ப் பேராசிரியரானார். 1853-இல் நாற்பது வயதில் மறைந்தார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். ஏழு பேருடன் தொடங்கிய சபை இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியிருக்கிறது.

பங்கில் நடப்பது என்ன?

இச்சபையின் உறுப்பினர்கள் துறவிகள் அல்லர். ஆசிரியர், கடைக்காரர், தொழிலாளி, ஓய்வு பெற்றவர் எனப் பங்கில் வாழும் சாதாரண மக்களே. அவர்கள் குறித்த நாளில் தவறாமல் கூடுகிறார்கள். செபம் சொல்கிறார்கள், சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படிக்கிறார்கள், பொருளாளர் கணக்கு வாசிக்கிறார். அதன்பின் எந்தக் குடும்பத்தைப் பார்த்தோம், அங்கே என்ன நிலை, அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள்.

கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் அதனுள் கையை விட்டு எடுப்பார். யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. நூறு ரூபாய் போட்டவருக்குப் பெருமையில்லை. ஒன்றும் போட இயலாதவருக்குச் சிறுமையில்லை. இதற்கு ‘இரகசியக் காணிக்கை’ என்று பெயர். மின்விசிறி ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்று இறக்கையிலும் பெயர் எழுதிக்கொள்ளும் நாட்டில் இந்தப் பை ஒரு பெரிய பாடம் என்றால் மிகையாகாது!

இவர்களுடைய பணியின் உயிர்நாடி வீடு சந்திப்பு. ஏழைகளைக் கோயில் வாசலில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பது எளிது. நேரமும் மிச்சம். ஆனால் வீட்டுக்குச் சென்றால்தான் கூரை ஒழுகுவது தெரியும். அடுப்பு எரியாதது தெரியும். பையன் பள்ளிக்குப் போகாமல் செங்கல் சூளைக்குப் போவது தெரியும். எப்போதும் இருவராகச் செல்ல வேண்டும் என்பது வழக்கம். உதவி பெறும் குடும்பத்தின் பெயரை வெளியே சொல்லலாகாது. சாதி, சமயம் பார்க்கலாகாது என்பவையும் சபையின் நெறிகளே.

நான் கண்டது

இந்நெறிகள் ஏட்டில் மட்டுந்தானா, நடைமுறையிலும் உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது என் தந்தைக்குக் கால் முறிந்து, மூன்று மாதம் எங்கள் தறி நின்றது. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இருவர் வந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். மற்றவர் தையற்கடை வைத்திருப்பவர். “வாங்கண்ணா, உக்காருங்க” என்று அம்மா பாயை விரித்தார். அவர்கள் பாயில் அமர்ந்து, கால் எப்படி இருக்கிறது, பாவு எத்தனை நாளாய் அப்படியே நிற்கிறது என்று முதலில் கேட்டனர். கொண்டுவந்த பையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என் பாட்டிக்கு மட்டும் மனம் பொறுக்கவில்லை. “நாம என்ன பிச்சையா கேட்டோம்?” என்று முணுமுணுத்தார். தபால்காரர் அதைக் கேட்டுவிட்டார். “இது பிச்சை இல்லீங்க ஆத்தா. எங்க அப்பா செத்தப்போ எங்க வீட்டுக்கும் இப்படித்தான் ரெண்டு பேரு வந்தாங்க” என்றார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மோர் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் இருவரும் வாங்கிக் குடித்தார்கள்.

அந்த மோரை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று மறுத்திருந்தால் நாங்கள் வாங்குபவர்களாகவும், அவர்கள் கொடுப்பவர்களாகவும் மட்டுமே ஆகியிருப்போம். குடித்ததனால் விருந்தினரானார்கள். எங்கள் வீடு வீடாகவே இருந்தது.

பின்னர் நான்கு முறை வந்தார்கள். பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை பெறத் தகுதி உண்டு என்பதைக் கண்டறிந்தவர்களும் அவர்கள்தாம். மனு எழுதி, சான்றுகளைச் சேர்த்து, தாலுகா ஆபீசுக்குப் பாட்டியுடன் சென்றார்கள். அவர்கள் கொண்டுவந்த அரிசி பத்து நாளில் தீர்ந்தது. அந்த மனு இன்றும் மாதந்தோறும் பயன் தருகிறது.

பிடி அரிசியின் கணக்கு

இத்தகைய பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ணுவது தவறு. நம் பெண்கள் அறிந்த பழைய வழி ஒன்று உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. இந்துக்களும் கிறித்தவர்களும் தத்தம் கோயில் அறப்பணிகளுக்கு இம்முறையைக் கையாண்டிருக்கிறார்கள். அறிவியல் மாணவன் என்ற முறையில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்று கொள்வோம். நாளைக்கு இருவேளை சமைத்தால் 100 கிராம். நாற்பது வீடுகள் சேர்ந்தால் நாளைக்கு 4 கிலோ. முப்பது நாளில் 120 கிலோ. மாதம் இருபது கிலோ வீதம் ஆறு குடும்பங்களுக்கு ஆகும். ஒரு பிடி அரிசியால் எந்த வீட்டிலும் சோறு குறைந்துவிடாது.

ஆனால் காலம் மாறியிருப்பதையும் கருத வேண்டும். 2011 சூன் முதல் தமிழகத்தில் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பட்டினியின் கொடுமை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அப்படியானால் இச்சபைக்கு இனி வேலை இல்லையா? உண்டு, வேலையின் தன்மை மாறியிருக்கிறது. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் பேருந்துச் செலவு, காப்பீட்டு அட்டை எடுக்க உதவி, பள்ளி திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகம், கந்து வட்டியில் சிக்கியவருக்கு வழிகாட்டல், பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட, தனித்திருக்கும் முதியோருக்குப் பேச்சுத்துணை ஆகியவையே இன்றைய தேவைகள். துணைக்கு ஆள் இல்லாதவரைக் கடைசியில் பார்த்து நெடுநேரம் இரு என்ற அந்தப் பழைய விதி, இன்றைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

தர்மமும் நீதியும்

இனி, இப்பணியின்மீது சொல்லப்படும் குறைகளையும் பார்ப்போம்.

முதலாவது, கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்குகிறார்கள் என்பது. இது முழுதும் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. கேட்டபோதெல்லாம் கொடுத்துவிட்டு, யாரென்றும் பாராமல் போனால் அந்நிலை வரக்கூடும். அதற்கு மாற்று, தொடர்ந்து சென்று பார்ப்பதும், சொந்தக் காலில் நிற்க வழி செய்வதுமே. 1909-இல் சோட்டா நாகபுரியில் ஹாப்மன் என்ற கத்தோலிக்கக் குரு பழங்குடி மக்களுக்காகக் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்தார். வட்டிக்காரர்களிடம் நிலத்தை இழந்து கொண்டிருந்த மக்கள், தம் சேமிப்பைத் தாமே ஆளக் கற்றனர். நமக்கு அண்டையில், 1965 வரை சேலத்தோடு ஒன்றாயிருந்த தருமபுரி மாவட்டத்தில், 1989-இல் அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. அக்குழுக்கள் பின்னர்த் தமிழகமெங்கும் பரவின. பிடி அரிசியில் தொடங்கும் சேமிப்பு அங்கே மூலதனம் ஆகிறது.

இரண்டாவது, மதம் மாற்றவே உதவி செய்கிறார்கள் என்பது. எங்கள் வீட்டில் அப்படியொரு சொல்லை நான் கேட்கவில்லை. சமயம் பாராமல் உதவ வேண்டும் என்பது சபையின் நெறி என்று முன்னரே குறிப்பிட்டேன். உதவியை விலையாக்கினால் அது வியாபாரம் ஆகுமே அன்றி அறம் ஆகாது என்பதில் எச்சமயத்தாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

மூன்றாவது குறைதான் ஆழமானது. தர்மம் செய்து செய்து, ஏழ்மைக்கு உரிய காரணத்தை மறைத்துவிடுகிறோம் என்பது அது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தை நம் மாவட்டம் மறந்துவிடக் கூடாது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள் தொகை, 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை மட்டுமா பொய்த்தது? 1877-இல் நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைத்த ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று வெள்ளை அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு பெரிய கொடுமையைத் தனி மனிதரின் கருணை எப்படி ஈடு செய்யும்? அங்கே வேண்டியது அரசின் நீதி.

இதைத் திருச்சபையே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தர்மம் போலக் கொடுக்கலாகாது என்று தெளிவுபடுத்தியது. ஆழ்ந்து நோக்கத்தக்க கருத்து இது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்குப் புடவை கொடுக்கும் முதலாளி தர்மவான் அல்லன். உழைப்பவனுக்கு உரிய கூலி, முதியவளுக்கு உரிய உதவித்தொகை, குழந்தைக்கு உரிய பள்ளி ஆகிய இவை உரிமைகள். அவ்வுரிமையைப் பெறத் துணை நிற்பதே இன்று அரிசி கொடுப்பதினும் சிறந்த உதவி. எங்கள் பாட்டியின் மனு எனக்குக் கற்பித்தது இதுவே.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நமக்கு வாய்த்திருக்கும் ஒரு வசதியை எண்ணிப் பாருங்கள். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969-இல் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதை 52 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு இரண்டு மணிக்குச் சற்று மிகுதி. நாமோ முகாம் வரும்போது ஒரே மூச்சில் கோயில் குளத்தைச் சுத்தம் செய்து, மரக்கன்று நட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அப்பணிகள் நல்லவையே. ஆனால் சத்தியோன் ஊரின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அவை நினைவூட்டுகின்றன. ஒரே நாளில் உணவு குவிந்தது. மறுநாள் என்ன என்பதுதான் கேள்வி.

கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தனித்து வாழும் முதியோர் இருக்கிறார்கள். மனு எழுதத் தெரியாத கைம்பெண்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாடம் புரியாமல் படிப்பை நிறுத்தும் சிறுவர்கள் இருக்கிறார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, ஓர் இணைக்கு ஒரு குடும்பம் என்று ஏற்று, வாரம் இரண்டு மணி நேரம் சென்று வந்தால் போதும். ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் இருந்தால் தொடங்கிவிடலாம். நம் பேராசிரியர்கள் வழிகாட்ட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர அனுபவம் உடையோர் வேண்டும். பாரிசு மாணவர்களுக்கும் ஒரு ரோசலி தேவைப்பட்டார் அல்லவா?

நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். யாரோ எங்கோ கைகொடுத்ததால்தான் இங்கே வந்து அமர்ந்திருக்கிறோம். அந்தக் கையைத் தேடிப் பிடித்து நன்றி சொல்வது எப்போதும் இயலாது. அடுத்த வீட்டுக்கு நம் கையை நீட்டுவது இயலும். அங்கே மோர் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள்.